ஹமீதாவின் எதிராளிகள்

என் அடுக்ககத்துக்கும் ஹமீதா பீவியின் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆனால் அவர் இறந்த செய்தி எனக்குப் போலந்திலிருந்து வந்தது. அன்று நான் கொரட்டூரில் தங்கை மகள் வீட்டில் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் வேளையில் ஈவா என்ற போலந்துப் பெண்மணி கைப்பேசியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: ஹமீதா போய்விட்டார், நீங்கள் அருகில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அருகில் இல்லை. தெருவிலிருந்து வெளிநாட்டில் இருக்கும் இளைய மகனுக்குத் தகவல் போய், அவர் தம் கேரம் நண்பர்களுக்குச் சொல்லி, அவர்களில் ஒருவர் எனக்குச் சொல்ல, எங்கள் பூந்தமல்லிச் செய்தி பாதி உலகத்தைச் சுற்றிவிட்டுக் கொரட்டூருக்கு வந்து சேர்ந்தது. பாடி மேம்பாலத்து நெரிசலைத் தாண்டி நான் தெருவுக்குள் நுழைந்தபோது, அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

நம் கேரம் சங்கத்தின் மலருக்கு அஞ்சலி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் அவரிடம் தோற்றவர்கள். மீதிப் பேர் அவரோடு ஆடப் பயந்தவர்கள். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரை ‘புன்னகை மாறாத அன்னை’ என்றார். வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசினார் போலும். காய் தவறினால் ஹமீதா எதிராளியை முறைப்பார். எதிராளிக்குக் காய் விழுந்தால் பலகையை முறைப்பார். ஆடும்போது அவர் புன்னகைத்து நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவள். இங்கே குடியேறிய புதிதில் ஒரு மத்தியானம் அவர் வந்து கதவைத் தட்டினார். அறிமுகம், ஊர் விசாரிப்பு எதுவும் கிடையாது. கேரம் ஆடுவீர்களா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“உக்காரத் தெரியும் இல்ல? வாங்க.”

போனேன். அன்று தோற்றேன். அதன் பிறகு, உடம்பு சரியில்லாத நாட்களும் நோன்பு மாதமும் போக, எல்லா மத்தியானங்களிலும் தோற்றேன். அவர் ஒரு முறைகூட எனக்காக விட்டுக்கொடுத்ததில்லை. கல்லூரிப் பேராசிரியர் என்று எத்தனை முறை திருத்தியும் என்னை ‘டீச்சர்’ என்றே அழைத்தார். “இன்னா டீச்சர், காயப் பாத்துகினே கீறீங்க? அது தானா நடந்து போவாது, அடிங்க” என்பார். என் மாணவிகள் எவரும் என்னிடம் அப்படிப் பேசத் துணிந்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு காலத்தில் பலகையின் நான்கு பக்கமும் ஆள் நிறைந்திருந்ததாம். கணவர் மரக்கடை வைத்திருந்தார். கடையை அடைத்துவிட்டு வந்தால் அவருடைய நண்பர்கள் முன்னறையில் ஆடுவார்கள். மதிய லுஹர் தொழுகை முடிந்த பிறகு உள்ளறை பெண்களுக்கு. கணவரைத் தோற்கடித்த நாளில் அவரே தேநீர் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். “அவரு டீ நல்லாவே போடுவாரு, அவ்ளோ பழக்கம்” என்றார் ஹமீதா. கணவர் காலமானார். ஓயாமல் எதிரே உட்கார்ந்த நாத்தனார், மகளோடு இருக்கப் போய்விட்டார். மூத்த மகன் பஷீர் வளைகுடாவுக்கும், இளையவர் ரியாஸ் போலந்துக்கும் வேலைக்குப் போனார்கள். இருவரும் ஆளுக்கொரு பலகையை எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள்.

பஷீரின் முதல் பயணம் அந்த வீட்டில் மறுபடி மறுபடி சொல்லப்பட்ட கதை. பலகையில் காய் வழுக்கிப் போவதற்குத் தூவும் வெள்ளைப் பவுடரை அம்மா ஒரு டப்பா நிறைய அடைத்துக் கொடுத்திருக்கிறார். பெயர்ச்சீட்டு ஒட்டாத டப்பாவில் வெள்ளைத் தூள் என்றால் அயல்நாட்டு விமான நிலையத்தில் என்ன நினைப்பார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பஷீரைத் தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் பலகையைப் பிரித்து மேசைமேல் வைத்து, தூளைத் தூவி, காய் அடுக்கி, ஸ்ட்ரைக்கரைச் சுண்டிக் காட்டினாராம். அதிகாரிகளில் ஒருவர் தாமும் ஒரு முறை அடித்துப் பார்த்தார். மகன் இதைத் தொலைபேசியில் நடுங்கிய குரலில் சொல்ல, ஹமீதா கேட்ட ஒரே கேள்வி: “அந்த ஆபீசருக்குக் காய் உழுந்துச்சா?”

ஒரு விளையாட்டு எல்லை தாண்டும் விதம் இதுதான் என்று நினைக்கிறேன். மேடையில் பேசுகிறவர்கள் கொடிகளைப் பற்றிப் பேசுவார்கள். உண்மையில் அது ஒருவருடைய பெட்டியில், லுங்கிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே போகிறது. நம் சங்கத்து ஆண்டுவிழாவில் விருந்தினர் ஒருவர், கேரம் இன்று எத்தனை நாடுகளில் ஆடப்படுகிறது என்று பெயர் பெயராக அடுக்கினார். பக்கத்தில் இருந்த ஹமீதா என் காதருகே குனிந்தார்.

“எல்லா நாட்லயும் ஆட்றாங்களாம். நம்ம தெருவுல ஒரு ஆளக் காட்டச் சொல்லுங்க டீச்சர்.”

நான் பாடம் நடத்திய காலத்தில் ஏற்றுமதியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். ஏற்றுமதி செய்த பிறகு உள்ளூரில் எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வியை இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.

தெருவில் புதிதாக வந்த குடும்பங்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். மத்தியானத்தில் அவர்கள் வீடுகளில் பூட்டுதான் இருக்கும். பேரன் ஒருவன் விடுமுறைக்கு வந்தபோது கைப்பேசியிலேயே கேரம் ஆடலாம் என்று காட்டிவிட்டுப் போனான். முகம் தெரியாத எவரோ எந்தக் கண்டத்திலிருந்தோ எதிரே ஆடுவார். ஹமீதா இரண்டு நாள் ஆடினார், தொடர்ந்து ஜெயித்தார், பிறகு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். “தோத்தவன் மூஞ்சியப் பாக்காம இன்னா ஜெயிப்பு?” என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: எதிரே ஓர் ஆள். அந்த ஆள் நான்தான் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன்.

ரியாஸ் தம் வீட்டருகே ஒரு கூடத்தில் பலகையைப் போட்டு நான்கைந்து பேருக்கு ஆட்டத்தைப் பழக்கியிருந்தார். அவர்களில் ஒருவர் ஈவா. டிராம் ஓட்டுகிறவர், ஐம்பது வயதைத் தொட்டவர். சென்ற குளிர்காலத்தில் அவர் சென்னைக்கு வந்தார். கேரம் ஆடுகிறவர்கள் சென்னைக்கு வருவது, பக்தர்கள் திருவேற்காட்டுக்கு வருவது மாதிரி என்று அறிந்துகொண்டேன். ரியாஸின் தாயோடு ஆட வேண்டும் என்றார். இடையில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர் வருவதற்கு முந்தைய நாள் ரியாஸ் என்னை அழைத்தார். அம்மாவின் கை இப்போது நடுங்குகிறது, ஈவா நன்றாக ஆடுவார், அம்மா தம் வீட்டிலேயே தோற்றால் தாங்க மாட்டார், சற்று விட்டுக்கொடுத்து ஆடும்படி ஈவாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் ஆன்ட்டி என்றார். கேட்டுக்கொண்டேன். என் மொழிபெயர்ப்பு வேலையில் அந்தச் செய்தியை மட்டும் சேர்க்கவில்லை. ஹமீதாவிடம் யாரும் விட்டுக்கொடுத்து ஆடினால் இரண்டாவது அடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் அவர் தாங்க மாட்டார்.

முதல் ஆட்டம் ஹமீதாவுக்கு. இரண்டாவது ஈவாவுக்கு. மூன்றாவதில் இருவருக்கும் ஒவ்வொரு காயும், நடுவே சிவப்பும் மீதி. சிவப்பைப் போட்டவர் தொடர்ந்து தம் காயையும் போட்டால்தான் சிவப்பு அவருக்குச் செல்லும். அதை ஃபாலோ என்பார்கள். ஹமீதா அடித்த சிவப்பு குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. ஈவா நாற்காலியில் சற்று நிமிர்ந்து மூச்சை விட்டு, அதைப் போட்டார். பிறகு தம் காயையும் போட்டார். வேலை செய்யும் பெண் அடுப்பங்கரை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்; நான் ஹமீதாவைப் பார்த்தேன்.

அவர் புன்னகைத்தார். நான் சொன்ன ஒரே நாள் அதுதான். காய்களைத் தம் கையாலேயே திரட்டி நடுவில் அடுக்கிக்கொண்டே, “இன்னொரு ஆட்டம் ஆடுவியான்னு கேளுங்க” என்றார்.

அதையும் தோற்றார். ஈவா போன பிறகு என்னிடம் சொன்னார்:

“நல்லா தோத்து எவ்ளோ வருசமாச்சு தெரியுமா டீச்சர். ஜெயிச்சு ஜெயிச்சு ஒண்டியா பூட்டேன்.”

அத்தனை வருடங்கள் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு இது பாராட்டு இல்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் பிழை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஈவா ஒரு வாரம் நாள்தோறும் வந்தார். மற்ற நாட்களில் எனக்கு அழைப்பு வரவில்லை. முதல் நாளே அவர்களுக்கு மொழி தேவைப்படாமல் போயிற்று. ஈவா ஊர் திரும்பிய மறுநாள் ஹமீதா வழக்கம்போலக் கதவைத் தட்டினார். நானும் எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டேன். ஆடியில் ஒரு நாள் அவர் தூக்கத்திலேயே போகும் வரை அப்படியே நடந்தது.

மகன்கள் வந்து, அம்மாவுக்காகப் பாத்திஹா ஓதி, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். பலகை நம் சங்கத்திடம் இருக்கிறது. அது அங்கே இருப்பதே முறை. எனக்கு எதுவும் வேண்டுமா என்று ரியாஸ் கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்று மணிக்கு எவரும் கதவைத் தட்டாத வீட்டில் நினைவுப் பொருளை எங்கே வைப்பது?

சென்ற வாரம் ஈவா அழைத்தார். அடுத்த குளிர்காலத்தில் வருகிறாராம். தம்மோடு நான் ஆட வருவேனா என்று கேட்டார். நான் மிகவும் மோசமாக ஆடுகிறவள் என்றேன்.

“தெரியும். அவர் சொல்லியிருக்கிறார்” என்றார் ஈவா. ஹமீதா கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது, ரியாஸை மொழிபெயர்க்க வைத்து என்னைப் பற்றிச் சொன்னாராம்: பக்கத்து வீட்டு டீச்சர் ஆட்டம் சுமார்தான். தோற்றால் மூஞ்சி சின்னதாகிவிடும். நான் இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார ஆள் கிடையாது, நீ வந்தால் கூப்பிடு.

எனக்கு எதிராளி இல்லை என்பதை அவர் எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். அவர் விட்டுச்சென்றதில் நான் வைத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: வெகுதூரத்தில், எனக்கு விட்டுக்கொடுக்காத ஓர் எதிராளி. ஈவாவிடம் மத்தியானத்தில் வரச் சொல்லியிருக்கிறேன்.