உம் கொட்டியது யாருக்கு?

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம், காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்கு ரேடியோ வந்தது. அதன்பின் என் கணவரின் காது அதற்கே சொந்தம். அடுப்படியிலிருந்து நான் எதைச் சொன்னாலும் திரும்பாமலே உம் கொட்டுவார். எரிச்சலாக வரும்.

அவருடைய லீவு நாள் ஒன்றில், "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேங்க" என்றேன். அதற்கும் ஒரு "ம்"தான்.

அங்கே, நான் உண்டாகியிருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் வழியே அவர் தெரிந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் அடுப்படிப் பக்கம் தலையாட்டி, "ம்... சரி, அப்புறம்?" என்றார்.

வீட்டில் வேறு யாரும் கிடையாது. பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் போய்ப் பார்த்தேன். காலி. நான் மூச்சுக்கூட விடவில்லை. முன்னறையிலிருந்து மறுபடியும், "ம்."

ஓடிப்போய் ரேடியோவை நிறுத்தினேன்.

"ஏன் அடைச்சிட்டே? நீ பேசிக்கிட்டுத்தானே இருந்தே?"

"நான் இப்பத்தாங்க வர்றேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. இருவரும் அடுப்படியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றிலிருந்து நான் பேசினால் அவர் திரும்பி, நான்தானா என்று முகத்தைப் பார்த்த பிறகுதான் உம் கொட்டுவார். அந்தப் பயம் அவரை விட்டுப் போய்விடக் கூடாதென்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலை மட்டும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.