இடுப்பளவு தண்ணீர்

விடிந்தும் விடியாத நேரத்தில் யாரோ எங்கள் சுவரைத் தட்டுவார்கள். அந்த நேரத்துத் தட்டுச் சத்தம் என்ன செய்யும் என்று, யுத்தம் நடந்த ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் வாரம் முழுவதும் நான் திடுக்கிட்டு எழுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிலில் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, தட்டியவை தாரா வாத்துகள். படகின் பக்கத்தில் தண்ணீர் மட்டத்தில் பிடித்திருந்த பாசியை அவை கொத்தித் தின்றுகொண்டிருந்தன. எங்களைத் தேடி யாரும் வரவில்லை.

ஆம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை முழுவதும் நான் லண்டனில் ஒரு படகில் குடியிருந்தேன். மேற்கு லண்டனின் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில், ஒரு பேருந்தை விட ஒடுங்கலாகவும் நீளமாகவும் இருந்த படகு அது. எங்களுக்கு இலவசமாக ஆங்கிலம் படிப்பித்த மார்ட்டின் வெளிநாடு போகும்போது, பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடமும் என் நண்பன் யோகனிடமும் படகுப் பூட்டின் திறப்பைத் தந்துவிட்டுப் போனார். இருவருக்கும் அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை; வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே எங்களுக்கு வாய்த்ததெல்லாம் ஓய்வுதான். பகல் முழுவதும் கூரையில் படுத்துக் கிடந்தோம். கால்வாய் ஓரமாக நடந்துபோகிற வெள்ளைக்காரர் ‘லவ்லி டே’ என்பார்கள். முதலில் நான் வானத்தைப் பார்த்து, அதில் என்ன விசேடம் என்று தேடினேன்.

படகு எனக்குப் புதிதல்ல. என் அப்பா பருத்தித்துறைப் பக்கத்துக் கரையில் கடற்றொழில் செய்பவர். அவருடைய அப்பாவும் அப்படியே. எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். நான் வள்ளத்தில் ஏறவே கூடாது என்பதற்காக அப்பா என்னை யாழ்ப்பாணப் பட்டினத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தார். விடுமுறைக்குப் போனால் வலையைத் தொட விடமாட்டார். ஆனாலும் அவர் கயிறு கட்டுவதைப் பார்த்துப் பார்த்து என் கை அதைப் படித்துவிட்டது. இங்கோ, படித்து நல்ல வேலையில் இருக்கிறவர்கள் ஆசைக்காகப் படகு வைத்திருக்கிறார்கள். அது எங்கும் போவதில்லை, எதையும் பிடித்து வருவதுமில்லை. பக்கத்துப் படகில் இருந்த பெண், நான் கயிறு கட்டும் அழகைப் பார்த்துவிட்டு, உன் தகப்பன் கடலோடியா என்று ஆசையோடு கேட்டாள். அப்பா கடை வைத்திருக்கிறார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவளுக்கு அதில் எந்த வித்தியாசமும் இருந்திருக்காது.

யோகனுக்கு எல்லாம் தெரியும். விடுதியில் எனக்கு அடுத்த கட்டில் அவனுடையது. பெரிய வீட்டுப் பிள்ளை. ஆனால் என்னோடு ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் சோறு பிசைந்து சாப்பிட்டவன். அந்தக் கோடையில் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பதிவதற்கு நிலையான முகவரி ஒன்று வேண்டும். கால்வாய்க்கு வீட்டு இலக்கம் கிடையாது. லண்டனிலேயே ரெய்னர்ஸ் லேனில் இருந்த யோகனின் மாமா, வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, செப்டெம்பரில் இரண்டு பேரும் வாருங்கள் என்று தாமாகவே சொல்லியிருந்தார். அதை நம்பி நான் வேறெங்கும் தேடவில்லை.

ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மாமியும் படகு பார்க்க வந்தார்கள். நான் மீன்குழம்பு வைத்தேன். மாமி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. புறப்படும் நேரம் பெரிய படகொன்று வேகமாகக் கடந்து போனது. தண்ணீர் இழுத்த இழுவையில், படகைக் கட்டக் கரையில் அடித்திருந்த இரும்பு முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மாமியின் ஒரு கால் கரையில், மற்றது படகில். இடைவெளி அகன்றுகொண்டே போனது. நான் பாய்ந்து கயிற்றைப் பிடித்து, பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினேன். எல்லாம் ஒரு கணத்துக்குள். மாமி கரையேறினா. மாமா என்னைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தார்.

“தம்பிக்கு நல்ல பழக்கம் போல.”

“மார்ட்டின் காட்டித் தந்தவர், அங்கிள்.”

“வெள்ளைக்காரன் இப்பிடிக் கட்டமாட்டான் தம்பி. ஊரில நீங்கள் எவடம்?”

பருத்தித்துறை என்றேன். பருத்தித்துறையில் எவடம் என்றார். இந்தக் கேள்வி ஊரைக் கேட்பதல்ல, சாதியைக் கேட்பது என்பது உங்களுக்குத் தெரியும். ‘கரைப் பக்கம்’ என்று இழுத்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, யோகனைப் பார்த்தார். யோகன் தண்ணீரைப் பார்த்தான். போகுமுன் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். “வேண்டாம் தம்பி, வயிறு சரியில்லை” என்றா மாமி.

புதன்கிழமை யோகன் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து திரும்பி வந்து, மற்ற அறைக்கு வேறு ஆட்கள் வருகினமாம் என்று சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னான்.

“நீ என்ன சொன்னனீ?”

“கேட்டார், சொன்னனான். பொய் சொல்ல ஏலுமே மச்சான்? நான் சொல்லாட்டி வேற ஆரும் சொல்லியிருப்பினம்.”

“அப்ப நீ மட்டும் போறியோ?”

அவன் மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தான். பிறகு, ஏதோ நான்தான் அவனுக்குத் தீங்கு செய்ததுபோல, “அண்டைக்கு நீ அந்தக் கயிறைப் பிடிக்காமல் விட்டிருக்கலாம்” என்றான்.

“மாமி தண்ணிக்குள்ள விழுந்திருப்பா.”

“இடுப்பளவு தண்ணிதானேடா.”

இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. எனக்கு உதவும் யோசனையாகவே சொன்னான். மாமா செய்ததை நான் அடுத்த மாதமே மறந்திருப்பேன். அவரை எனக்கு அரை நாள்தான் தெரியும். அந்த ஒரு வசனத்தைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை. சனிக்கிழமை மாமாவின் கார் வந்தது. அவர் இறங்கவில்லை. யோகனின் பெட்டியில் ஒரு பக்கத்தை நானே தூக்கிக் கொண்டுபோய் வைத்தேன். விடுதிப் பழக்கம், கை தன்பாட்டில் போய்விட்டது.

கடைசியில் ஹவுன்ஸ்லோவில் ஓர் ஐரிஷ் அம்மாவின் வீட்டில் மாடி அறை கிடைத்தது. சிகரெட் குடிப்பாயா என்ற ஒன்றைத்தான் அவர் கேட்டார். கல்லூரியில் பதிந்த அன்றே அப்பாவுக்குக் கடிதம் எழுதி, தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனேன். அனுப்புநர் முகவரிக்கு ஐந்து வரி தேவைப்பட்டது: என் பெயர், கீழே அந்த அம்மாவின் பெயர், வீட்டு இலக்கம், தெரு, தபாற்குறியீடு. முன்பக்கத்தில் அப்பாவின் பெயரையும் ஊரின் பெயரையும், நாட்டின் பெயரையும் மட்டும் எழுதியிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெரு இல்லையே, இலக்கம் இல்லையே, இது போய்ச் சேருமா என்று கேட்டாள்.

சேரும் என்றேன். அங்கே எல்லாருக்கும் நாங்கள் யார் என்று தெரியும்.

“ஹவ் லவ்லி” என்று சொல்லி, முத்திரையை ஒட்டினாள்.