கோல்போஸ்ட் மட்டும் பளிச்

போன வாரம் இங்கே போட்ட பழைய ஹாக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, இன்று டில்லி துவாரகாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.

"அங்கிள், அதுல மங்கலா ஓடறது எங்க அப்பா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டார். முகம் தெரியற மாதிரி வேற படம் இருக்கா?"

இல்லை.

எண்பதுகளில் ஒரு டிசம்பர் சாயங்காலம். பத்திரிகை ஆபீசில் பெரிய 400 எம்.எம். லென்ஸ் இருந்தது. சரோஜினி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சுமக்கச் சோம்பல்பட்டு, 200 லென்ஸோடு, அதை 400 ஆக்கிக் காட்டும் டெலிகன்வர்ட்டர் ஒன்றைக் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். அதை மாட்டியதும் தூரம் பாதியானது, வெளிச்சம் கால்வாசியானது. அந்த மங்கலில் ஓடுகிறவர்களைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்ய முடியவில்லை. கோல்போஸ்ட்டில் ஃபோகஸை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

அந்தப் பெண்ணின் அப்பா கோல்போஸ்ட்டுக்கு நாலடி முன்னாலேயே பந்தை அடித்துவிட்டார்.

"சாரிம்மா" என்றேன்.

"அச்சா, பரவால்ல அங்கிள். ஓடறதைப் பார்த்தே அம்மா கண்டுபிடிச்சுட்டா."

போனை வைத்ததும் நெகட்டிவை எடுத்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோல்போஸ்ட்டில் பெயின்ட் உரிந்த இடம்கூடத் தெரிகிறது.

கன்வர்ட்டர் போதுமா, பெரிய லென்ஸே வாங்கணுமா என்று இன்பாக்ஸில் கேட்டவர்களே, உங்களுக்கு ஆள் வேண்டுமா, கோல்போஸ்ட் போதுமா? சொல்லுங்கள்.