கினுயோ மாட்டிய முகமூடி

பெப்பு ஊரில் அழுகிய முட்டை நாற்றத்துக்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. வெந்நீர் ஊற்றுகளின் ஆவி தெருவெல்லாம் வீசும் ஊர் அது. அங்கே ஒரு விடுதியில் விருந்தாளிகளுக்கு மெத்தை விரிக்கும் வேலை பார்த்த கினுயோ, முழங்கால் வலி தாங்காமல் மலையடிவாரத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். தங்கை சவாவையும் பிடித்து இழுத்துவந்து சேர்த்துவிட்டாள்.

லித்தியம் பாட்டரிக்குள் இருக்கும் திரவம் சட்டென்று தீப்பிடிக்கும். அதற்குப் பதிலாக வைக்கும் கந்தகம் கலந்த பொடியைத்தான் அங்கே செய்தார்கள். பாட்டரிக்குப் பாதுகாப்பு; செய்கிறவர்களுக்குத்தான் இல்லை. ஈரம் பட்டால் அதே முட்டை நாற்றத்தோடு விஷவாயு கிளம்பும். அதனால்தான் ஈரமே இல்லாத வறண்ட அறை, அதில் வாயு கசிந்தால் அலறும் மணி. ஆனால் ஊற்றுக் காற்று வீசினாலும் அந்த மணி அலறித் தொலைக்கும். அலறினால் அணைப்பார்கள். ஒருத்தர் பாக்கியில்லை, எல்லோரும்தான். நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அன்றும் மணி அடித்தது. ஊற்றுக் காற்றுதான் என்று முணுமுணுத்தபடி கினுயோ அதை அணைத்தாள். வறண்ட அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவா தராசு முன்னால் நின்றாள். எதைத் தொடுமுன்னும் அதை விரலால் சுட்டி, சரி என்று வாய்விட்டுச் சொல்வது அங்கே வழக்கம். சவாவின் விரல் பாதி உயர்ந்து, அப்படியே தொங்கிப்போனது. கண்ணாடியைப் பார்த்தபடியே அவள் சரிந்தாள். மேலே குளிர்நீர்க் குழாய் பொடித்தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

 கினுயோ மணியை மறுபடி அலறவிட்டாள். ஓடிவந்த மேற்பார்வையாளர் குரோக்கி கதவில் கை வைக்க, அவள் குறுக்கே நின்றாள்.

"வழியை விடுங்கம்மா. உங்க தங்கச்சி செத்துடுவா."

"மூச்சுக் கருவி இல்லாம போனா நீங்களும்தான் சார். அப்புறம் நான் யாரைத் தூக்குவேன்?"

காற்று உருளையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். பட்டையைச் சுட்டி "பட்டை சரி" என்றாள். குழாயைச் சுட்டி "காத்து சரி" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் ஒன்றையும் விடவில்லை. முகமூடியை இழுத்து மாட்டி, குரோக்கியும் மாட்டிய பிறகுதான் இருவரும் உள்ளே போய்ச் சவாவைத் தூக்கிவந்தார்கள்.

சவா பிழைத்தாள். மருத்துவமனையில் கண் விழித்ததும் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"விழுந்தப்பவும் எனக்குக் கண்ணு தெரிஞ்சுதுக்கா. நீ நிதானமா பட்டை மாட்டிக்கிட்டு இருந்தே."

ஓடிவந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம் என்று கினுயோ சொல்லத் தொடங்கினாள்.

"தெரியும்க்கா," என்றாள் சவா. "ஆனா அங்க கிடந்து பாத்துக்கிட்டு இருந்தது நான்."