அசல் என்று சொன்னவர்

பழைய பிஸ்டல்கள் அசலா, போலியா என்று பார்த்துச் சொல்லும் அவரை ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன். அப்போது நான் நாமக்கல் பக்கம் ஒரு மிட்டாதாரிடம், அதாவது சிறு ஜமீன்தாரிடம், குமாஸ்தா. மிட்டாதார் தம் வீட்டுப் பழைய பிஸ்டலை ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு விற்க இருந்தார். அதைப் பார்த்துச் சொல்லத் துரைதான் அந்த மனிதரைச் சேலத்திலிருந்து வரவழைத்திருந்தார்.

ஒல்லியான மனிதர். புருவத்தில் வெடிமருந்து சுட்ட தழும்பு. எதைத் தொட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பிஸ்டலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தடவினார்.

"கையால அறுத்த திருகு மரைங்க. ஒண்ணோட குழியில இன்னொண்ணு ஏறாது. அசல்தானுங்க."

மிட்டாதார் பூரித்துப்போனார்.

"இது எப்பவாச்சும் காணாமப் போச்சுங்களா?" என்று கேட்டார் சேலத்துக்காரர்.

"எங்க பெட்டியிலேயேதான் இருக்குது. ஒரு நாளும் காணாமப் போனதில்ல" என்று துரை முன்னால் சத்தியமே செய்தார் மிட்டாதார்.

சேலத்துக்காரர் பிஸ்டலின் பூட்டுத் தகட்டைக் கழற்றித் திருப்பித் துரையிடம் காட்டினார். உட்புறம் சின்னதாக ஒரு வேல் வெட்டியிருந்தது.

"எங்க அண்ணன் பழுதுபார்த்து வெட்டுன குறிங்க. எதுத்துப் பேசுன கோவத்துல, இதத் திருடிட்டாருன்னு இவரு கேசு போட்டாரு. அண்ணன் செயில்லயே செத்துட்டாருங்க."

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

வாசலில் சேலத்துக்காரரிடம், "மனசு ஆறுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒருத்தன் இருக்கானுங்க. அந்தப் பொய் மனுவ எழுதிக் குடுத்தவன்."

எழுதியவன் நான்தான். அது தெரிந்துதான் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.