முக்கோணம் போட்ட கை

பயோபங்க் என்று சொல்கிறார்களே, மனித உடம்பையே தொழிற்சாலையாக்கி ரத்தத்தையும் மரபணுவையும் கம்பெனிகள் விற்றுத் தள்ளும் கதைகள், அவற்றில் கைக்குக் கிடைத்த எதையும் நான் விட்டதில்லை. நாவல், படம், தொடர், விளையாட்டு, எதுவானாலும் சரி. பதுளை பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி போனில் ஒரு நாவலை முடித்திருக்கிறேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வாரத்தில் ஒரு விளையாட்டுக்குள் தொட்டி தொட்டியாக அரக்கர்களை வளர்த்திருக்கிறேன். பயம் மட்டும் வருவதேயில்லை. எனக்கென்று இருந்த பயம் முழுவதையும் ஒன்பது வயதில், நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவில், ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டேன்.

காரணம் மாமா. அம்மாவின் தம்பி. அடுத்த காம்பராவில் இருந்தார், பசறையில் ஒரு போன் கடையில் வேலை. கடையிலிருந்து பென் டிரைவில் படங்களை ஏற்றிக்கொண்டு வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தில் ஒரு கம்பெனி, ஆட்களின் கையில் ஒரு துளி ரத்தம் எடுக்கும். அதிலிருந்து கண்ணாடித் தொட்டியில் அதே ஆளை வளர்க்கும். உண்மையான ஆளை வைத்துக்கொண்டு நகலை வீட்டுக்கு அனுப்பிவிடும். நகலின் தோல் புதிதாக இருக்கும், பழைய தழும்பு எதுவும் இராது, பூச்சிகூடக் கடிக்காது. முழங்கைக்குக் கீழே மட்டும் கம்பெனியின் முக்கோண முத்திரை. அப்படி நகலெடுத்துவிட்டு உண்மையான பெண்ணைப் பூட்டி வைத்த அறையின் கதவு மெல்லத் திறக்கிற இடத்தில் கரண்டு போய்விட்டது. மாமாவுக்கு முடிவைச் சொல்லத் தெரியவில்லை. அவரும் அதுவரைதான் பார்த்திருந்தார், மீதியை அடுத்த ஞாயிறு போடுவதாகச் சொன்னார்.

எனக்குப் பயம் தொடங்கியது அதற்குப் பிறகு. அம்மா வீட்டு வேலைக்காக வெளிநாடு போய் மூன்று வருடமாகியிருந்தது, அந்தப் புதன்கிழமை திரும்பி வருவதாக இருந்தாள். போவதற்கு முன் கொழும்பில் மெடிக்கல் என்று கூப்பிட்டு ரத்தம் எடுத்திருந்தார்கள். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சோடு அவள் திரும்பி வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அப்பாவிடம் கேட்டேன். அவர் தேயிலைத் தவறணையில், கன்று வளர்க்கும் இடத்தில், வேலை செய்தார். ஒரு தாய்ச்செடியிலிருந்து ஒரு இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக நறுக்கிப் பைகளில் நட்டு, மேலே பொலித்தீன் மூடி வைப்பார்கள். ஆயிரம் கன்றும் அச்சு அசலாகத் தாயைப் போலவே வரும். மனுசரையும் இப்படிச் செய்யலாமா என்றதற்கு அப்பா சிரிக்காமல் சொன்னார்:

“செஞ்சா நல்லதுதான். பெரட்டுல பேர் கூப்புட்டா பாதிப் பேரக் காணோம்.”

பெரட்டு என்பது காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம். தோட்டத்துக்கு ஆள் தேவை என்பதும், வழி தெரியும் என்பதும் எனக்கு உறுதியாகிவிட்டன.

புதன்கிழமை வந்திறங்கியவளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவின் விரல் நுனிகள் கொழுந்துக் கறையேறிக் கறுத்து வெடித்திருக்கும். இவளுடைய விரல்கள் வெளுத்து, ஊறிப்போனவை போல இருந்தன. வாசம் வேறு. யாராவது கதவைத் தட்டினால் விருட்டென்று எழுந்து நின்றாள். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. அவள் பிசைந்து நீட்டிய சோற்றை நான் வாங்கவில்லை. “புள்ளைக்கு மொகம் மறந்துருச்சு” என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். முகம்தான் மறக்கவில்லையே! முகத்தை மட்டும் அப்படியே செய்திருந்தார்கள். என் அம்மா எங்கோ ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிறாள், இங்கே ஒருத்தி அவள் பாயில் படுத்திருக்கிறாள்.

சோதித்துவிட முடிவு செய்தேன். எங்கள் மலையில் ரத்தம் குடிக்கும் அட்டைக்கா பஞ்சம்? சனிக்கிழமை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒன்றைப் பிடித்து யோகட் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மத்தியானம் அவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அட்டையைக் கணுக்காலில் விட்டேன். அது தலையைத் தூக்கித் துழாவியது. தோலைத் தொட்டது. சுருண்டது. கீழே விழுந்துவிட்டது.

மறுபடி எடுத்து விட்டேன். மறுபடியும் விழுந்தது.

என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள்.

“நீ எங்கம்மா இல்ல! அட்டகூட ஒன்னயக் கடிக்கல!”

அவள் அட்டையைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதிசயமாகச் சிரித்தாள். என் கையைப் பிடித்துத் தன் காலில் தேய்த்தாள். வழுவழுவென்றிருந்தது.

“சவுக்காரம்டி, கூறுகெட்டவளே. காலையில மலைக்குப் போனேன். பேரு பதிஞ்சிட்டாங்க. திங்கக்கெழமையிலருந்து கொழுந்துக்குப் போறேன்.”

அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவுக்காரம், அதாவது சோப்பு, பூசாமல் எங்கள் பெண்கள் மலையேறுவதில்லை. அதை மறந்துபோனதற்கு எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவள் குனிந்து அட்டையை எடுத்து வெளியே வீசக் கையை ஓங்கினாள். சட்டைக்கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே, பளபளவென்று, ஓரங்கள் நேராக ஓடி ஒரு முனை கூராக முடிந்த முக்கோணம்.

அடுத்த காம்பராவுக்கு ஓடினேன். “மாமா, முத்திரை இருக்கு! கையில முக்கோணம் இருக்கு!”

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வாடி, கம்பெனிக்காரங்கள ஒரு கை பாத்துருவோம்” என்று நாடகம் போட்டபடியே வந்து, “எங்க, அக்கா, கையக் காட்டு” என்று அவளுடைய சட்டைக்கையை ஏற்றினார். சிரிப்பு பாதியில் நின்றது.

“இஸ்திரிப் பெட்டியால சுட்டாங்களா?” என்றார்.

“சத்தம் போடாத. புள்ள நிக்குது.”

“அவர்கிட்ட சொன்னியா?”

அம்மா அப்பாவிடமும் சொல்லியிருக்கவில்லை. மாமா வாசற்படியில் போய் உட்கார்ந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு உள்ளே வந்து, டிவியில் சொருகியிருந்த பென் டிரைவில் அந்தப் படத்தை மட்டும் தேடி அழித்துவிட்டார்.

நான் தரையில் புரண்டு அழுதேன். கதவு திறந்ததும் உள்ளே வந்தது யார், அந்தப் பெண் என்ன ஆனாள், இனி யார் சொல்வார்கள்? அம்மா என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். சவுக்கார வாசம் வந்தது.

“அழுவாத பாப்பா, முடிவு நான் சொல்றேன். கதவு தெறந்திருந்துச்சு. அந்தப் பொம்பள ஓடி வந்துட்டா. வீட்டுக்கே வந்துட்டா. அம்புட்டுத்தான்.”

இவள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையே, என்னை ஏமாற்ற வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னும் சத்தமாக அழுதேன்.