சீனா மேசையின் மஞ்சள் தொப்பி

பொறாமைக்காரி என்று யாராவது என்னைச் சொன்னால் முன்பெல்லாம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது போக மாட்டேன். உண்மைதானே, எதற்கு வீண் சண்டை?

திருவொற்றியூர் பக்கம் ஒரு எறா கம்பெனியில் வேலை செய்கிறேன். இறால் என்றுதான் எழுத வேண்டும், தெரியும். பதினாறு வருஷமாக எறா எறா என்று கத்திய வாய்க்கு அது வரவில்லை. ஆந்திராவிலிருந்து ஐஸ் போட்டு லாரியில் வரும். நாங்கள் சுத்தம் செய்து, உறையவைத்து, பெட்டியில் அடுக்கினால் கப்பல் ஏறிவிடும். உள்ளே நீளநீளமாக மேசைகள். சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் பேர்தான் மேசைக்கு. அமெரிக்காக்காரனுக்கு எறாவில் தலை இருக்கக்கூடாது, ஓடு இருக்கக்கூடாது, முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பு இருக்கவே கூடாது. சீனாக்காரனுக்குத் தலையும் வேண்டும், மீசையும் வேண்டும், உயிர் மட்டும்தான் வேண்டாம்.

நான் அமெரிக்கா மேசைக்கு லீடர். லீடருக்கு மஞ்சள் தொப்பி, மற்றவர்களுக்கு வெள்ளை. இடது கை எறாவை எடுத்தால் வலது கை தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்துப் போட்டுவிடும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. அமெரிக்காவிலிருந்து சரக்கு வாங்குகிறவர் ஒருதடவை வந்தபோது முதலாளி அவருக்கு மாலை போட்டு நேராக என் மேசைக்குத்தான் கூட்டிவந்தார். அவர் என் கையைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை. அமெரிக்காவே என் சொந்தக்காரன் என்கிற மாதிரி தெருவில் பேசித் திரிந்தேன்.

சீனா மேசை ஒரு மூலையில் கிடந்தது. அங்கே உரிக்கிற வேலை கிடையாது. கழுவி, அளவு பார்த்து, மீசை ஒடியாமல் பெட்டியில் வரிசையாகப் படுக்கவைக்க வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை என்று நாங்கள் கேலி பேசுவோம். அந்த மேசையில்தான் என் தோழி நின்றாள். ஹவுசிங் போர்டில் எனக்கு எதிர்வீடு. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான். அப்போதெல்லாம் அவள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. சரியாகச் சொன்னால், என்னைவிட ஒரு படி கீழே நின்றவரைக்கும் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. காலையில் உள்ளே விடுவதற்கு முன்னால் ஒரு பெண் எங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வளையல், நகப்பூச்சு எதுவும் ஆகாது. விரலில் சீழ் வைத்த காயம் இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எறாவின் மூக்கில் ரம்பம் மாதிரி ஒரு முள் இருக்கிறது. அது குத்தாத விரல் எங்களில் யாருக்கும் இல்லை. அதனால் ஒருத்திக்குக் காயம் என்றால் வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பவள் சரியான நேரத்தில் வாயைத் திறப்பாள். "மேடம், நேத்து குட்த்த கிளவுஸு கிய்ஞ்சி பூட்ச்சி" என்பாள். மேடம் திரும்புவதற்குள் முன்னால் நிற்பவள் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். செய்வது தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒருநாள் வேலை போனால் அடுப்பு எரியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்? யாருக்காக யார் எத்தனை தடவை வாயைத் திறந்தோம் என்று நாங்கள் எண்ணியதே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் வரி வந்தது. ஒருநாள் சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். "அமெரிக்காவுல நம்ம சரக்குக்கு வரியை ஏத்திட்டாங்கம்மா. ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறோம்னு அதுமேல இன்னொரு வரி. ஆர்டர் நின்னுபோச்சு. அமெரிக்கா மேசை இப்போதைக்குக் கிடையாது."

"எண்ணெ வாங்கனா எறாவுக்கு இன்னாத்துக்கு சார் வரி?" என்று கேட்டேன்.

இரண்டு நாட்டுப் பெரிய ஆட்களும் மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் மணலியிலிருந்து டீசல் ஏற்றிப் போகிற டேங்கர் லாரி டிரைவர். அன்றைக்கு அவர் வசமாக மாட்டினார். சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை. "நீ ஏத்திக்கினு போற எண்ணெதான் என் வேலைல மண்ணப் போட்ச்சி. அது எந்த ஊரு எண்ணெ? ரஷ்யாவா? சொல்லு!"

"எனுக்கு இன்னா தெரியும்? எண்ணெக்கு இன்னா பாஸ்போர்ட்டா கீது?" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே டீக்கடையில் பேசியதைச் சொன்னார். "அமெரிக்காக்காரன் நம்மள தோஸ்துன்னு சேத்துக்கினதே சீனாவ மடக்கறதுக்குத்தான். ரஷ்யாகிட்ட வாங்காதன்றான். நாம சல்லிசா கெடைக்குதுன்னு வாங்கிகினு கீறோம். ஒட்னே வரியப் போட்டான். இப்ப பாரு, உங்க மொதலாளி நேரா சீனாக்காரன்கிட்டதான் போய் நிப்பாரு. எவன மடக்க நம்மள சேத்துக்கினானோ, அவன்கிட்டயே தள்ளிவுட்டுட்டான்."

"அப்போ தோஸ்துன்னு சொன்னது?"

"இவ்ளோ குட்த்தா இவ்ளோ தோஸ்து. அவ்ளோதான், போ."

அவர் சொன்னபடியே நடந்தது. ஒன்றாக இருந்த சீனா மேசை மூன்றானது. தலையோடு போகிற சரக்குக்கு உரிக்கிற கை தேவையில்லை என்று எங்கள் மேசையில் இருந்தவர்களை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். என் தோழிக்கு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். என்னை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் தெரியுமா? அவள் போய் சூப்பர்வைசரிடம் கெஞ்சியிருக்கிறாள். "அவ எங்கூடவே நிக்கட்டும் சார், நான் பாத்துக்கறேன்." நான் பாத்துக்கறேனாம்! கேட்டதும் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

வெள்ளைத் தொப்பியோடு அவள் மேசையில் போய் நின்றேன். முதல் எறாவை எடுத்தேன். வலது கை அதுபாட்டுக்குத் தலையைக் கிள்ளிப் போட்டது. இரண்டாவதை எடுத்து, கிள்ளாதே கிள்ளாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிள்ளினேன். எந்தக் கையை அமெரிக்காக்காரர் மெச்சினாரோ அந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் முன்னால் தலை போன எறாக்கள் குவிந்துவிட்டன. சூப்பர்வைசர் பார்த்திருந்தால் அன்றைக்கே நானும் வீட்டில்தான். அவள் சத்தமில்லாமல் வந்து அத்தனையையும் வாரி, இரண்டாந்தரக் கூடையின் அடியில் போட்டு, மேலே நல்லதாக நாலைப் பரப்பினாள். "மெதுவா பண்ணுடி. மீசையப் பாத்துக்கினே எடு. கை தானா வந்துரும்" என்றாள். பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல, என்னிடம்! அவளை அப்படியே ஐஸ் தொட்டியில் தள்ளிவிடலாமா என்று இருந்தது.

அவள் சொன்னபடியே கை வந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவள் எது செய்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனாக்காரர் வந்தார். முதலாளி அதே மாதிரி மாலையை அவருக்கும் போட்டு, நேராக அவள் மேசைக்குக் கூட்டிப்போனார். அவளோடு நின்று போட்டோ எடுத்தார்கள். அதைப் போனில் வைத்துக்கொண்டு, "பாருடி, என் மூஞ்சி மாஸ்க்குல தெரியவே இல்ல" என்று என்னிடமே காட்டிச் சிரிக்கிறாள். கர்வம் இல்லாத சிரிப்பு. கொஞ்சம் கர்வப்பட்டிருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். நான் எண்ண ஆரம்பித்தது அப்போதுதான். கதவருகே இவளுக்காக நான் எத்தனை தடவை வாயைத் திறந்தேன், எனக்காக இவள் எத்தனை தடவை? என் பக்கம்தான் அதிகம் வந்தது. எனக்கு வேண்டியபடிதானே எண்ணினேன், வராமல் என்ன செய்யும்?

ஒருநாள் காலை வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றாள். முள் குத்தி ஆள்காட்டி விரல் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. அவள் முறை வந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான். கேளுடி, எதையாவது கேளுடி என்கிற கண். எனக்குக் கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். மேடம் அவள் விரலைப் பிடித்துத் திருப்பினாள். "ஆறினதும் டாக்டர் லெட்டரோட வாங்க" என்றாள்.

அன்று மத்தியானமே சூப்பர்வைசர், பழைய லீடர்தானே என்று மஞ்சள் தொப்பியை என்னிடம் நீட்டினார். போட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்து அவள் டாக்டர் லெட்டரோடு வந்தபோது இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டுக் கதவு நான் வருகிற நேரத்தில் சாத்தியிருக்கும். அவளுடைய பெரிய பெண்ணுக்கு டியூஷன் நின்றுவிட்டது என்று மாடிப்படியில் யாரோ சொன்னார்கள். தொப்பி மட்டும் தலையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சந்தோஷமாக இருந்தேனா? இருந்தேன், அதையும் ஏன் மறைக்க வேண்டும்? நாலு நாள் இருந்தேன். அப்புறம் சோறு இறங்கவில்லை.

சில மாதம் போனது. ஒருநாள் முதலாளி லட்டு டப்பாவோடு வந்தார். பேச்சு முடிந்துவிட்டதாம். ரஷ்யா எண்ணெயைக் குறைத்துக்கொள்கிறோம் என்று நம்மவர்கள் சொன்னார்களாம், அமெரிக்காக்காரர்கள் வரியை இறக்கிவிட்டார்களாம். நேற்றுவரை முறைத்துக்கொண்டிருந்த பெரிய மனுஷர்கள் டிவியில் பல் தெரியக் கைகுலுக்கினார்கள். "எண்ணெ வந்துகினுதான் கீது, எந்த ஊரதுன்னு யாருக்குத் தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர். அமெரிக்கா மேசையை மறுபடியும் போடுகிறோம், பழைய ஆட்களைக் கூட்டி வா என்று சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார். முதலில் காசிமேட்டுக்குத்தான் போனேன்.

என் தோழி அங்கே மீன் மார்க்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே நிமிர்ந்தாள். நான் என்னென்னவோ மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"அன்னிக்கு ஒன் பின்னால நான்தான் நின்னேன்" என்றேன்.

"தெரியும். ஒனக்குத் தொண்ட கட்டிக்கினு இருந்திச்சாக்கும்னு ரெண்டு நாள் நெனச்சிக்கினு இருந்தேன். அப்பால நீ தொப்பி போட்டுக்கினேன்னு சொன்னாங்க."

அழுதுவிட்டேன். மீன் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் அழவில்லை, கையைக் கழுவினாள். "லீடர் வேல எனக்கு. புள்ளைங்க ஸ்கூல்ல கூப்ட்டா அன்னிக்கு லீவு. இத்த சூப்பர்வைசர்கிட்ட நீயே பேசணும். முடியும்னா வர்றேன்."

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். சூப்பர்வைசரிடம் பேசி முடித்தேன். தொப்பியை நானே அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸுங்க" என்றாள். பதினாறு வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் தேங்க்ஸ்.

இப்போது அமெரிக்கா மேசையில் அவள் லீடர், நான் அவளுக்குக் கீழே. ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு நியாயமாக வேலை பிரித்துக் கொடுக்கிறாள். வாங்க, போங்க, உக்காருங்க என்கிறாள். புதிதாகச் சேர்ந்த முகத்துவாரக்குப்பத்துப் பெண் ஒருத்தி அவள் பக்கத்தில் நிற்கிறாள். போன வாரம் அந்தப் பெண் ஒரு தட்டு எறாவைக் கீழே கொட்டிவிட்டாள். "கண்ண எங்கடி வச்சிக்கினு வேல செய்ற, எரும!" என்று கத்திக்கொண்டே என் தோழி குனிந்து அவளோடு சேர்ந்து பொறுக்கினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பொறுக்கினார்கள். எனக்கு எரிந்தது பாருங்கள், அப்படி ஒரு எரிச்சல். அந்தத் திட்டு எனக்கு விழுந்திருக்கக்கூடாதா என்று, கையில் இருந்த எறாவை உரிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.